மூச்சைப் பிடித்துக்கொண்ட மகள் (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். என் மகள் தொடக்கநிலை 2 படிக்கிறாள். தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை தைக்க போன வாரம் தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் ஒரு தையல் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். தையல்காரர் இடுப்பில் நாடாவைச் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா நில்லும்மா" என்று அவர் இரண்டு முறை சொல்லியும் விடவில்லை. எம்ஆர்டியில் வரும்போது ஏன் என்று கேட்டேன். "எல்சாவுக்கு இடுப்பு இவ்ளோதாம்மா இருக்கு" என்று 'ஃபுரோசன்' கார்ட்டூன் படத்தின் நாயகியைச் சொல்லி விரல்களை வளைத்துக் காட்டினாள். எனக்குப் பேச்சே வரவில்லை. "கார்ட்டூன்தானே, விடு" என்கிறார் கணவர். "வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார் மாமியார். அந்தப் படங்களையே வீட்டில் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தருபவர் என்பதால் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம்,
செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். நீங்கள் நிறுத்தினாலும் பள்ளிப் பையில், தண்ணீர்ப் போத்தலில், தோழியின் பிறந்தநாள் கேக்கில் எல்சா இருப்பாள். நாளைக்கு இதுபோல ஏதாவது தோன்றினால் அம்மா படத்தைப் பிடுங்கிவிடுவாள் என்று பயந்து உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடுவாள். கேட்டவுடன் விரலை வளைத்துக் காட்டினாளே, அந்தப் பேச்சு உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 3 முதல் 6 வயதுவரை உள்ள சிறுமிகளுக்கு இளவரசிப் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த கையோடு அவர்களிடம் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அதே ஆய்வில், அந்தச் சிறுமிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குண்டாகிவிடுவோமோ என்ற கவலை ஏற்கெனவே இருந்தது. ஆறு வயதுகூட முடியாத பிள்ளைகள்! பிரிட்டனில் 2006இல் 5 முதல் 8 வயதுச் சிறுமிகளிடம் பார்பி பொம்மைப் படங்களைக் காட்டிச் செய்த ஆய்வில், சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின்மேல் இருந்த நிறைவு உடனே குறைந்தது. ஏழரை வயதைத் தாண்டியவர்களிடம் அந்த உடனடி மாற்றம் இல்லை. அதற்குள் அந்த உருவம் மனத்தில் பதிந்துபோயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். உங்கள் மகளுக்கு எட்டு வயது. ஆகவே ஒரு படம் பார்த்து ஒரே நாளில் வந்த ஆசை என்று இதை நான் நினைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது.

போன வருடம் ஈசூன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலையில் ஓவிய வகுப்பு எடுத்தேன். "உங்களையே வரையுங்கள்" என்றேன். ஒரு சிறுமி தன்னை நீலக் கவுனில் வரைந்தாள். முகம், பின்னல், கை எல்லாம் சட்டென்று வந்துவிட்டன. இடுப்பில் வந்து நின்றுவிட்டாள். இரண்டு கோடு போட்டாள், அழித்தாள். இன்னும் நெருக்கிப் போட்டாள், மறுபடி அழித்தாள். அழித்து அழித்துத் தாள் பஞ்சுபோல் பிசிறடித்து, கடைசியில் அந்த இடத்தில் கிழிந்தே போயிற்று. உள்ளங்கையால் ஓட்டையை மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே எல்சா படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப்போய், ஆளுக்கொரு அடிக்கோல் கொடுத்தேன். கண் எவ்வளவு அகலம், மணிக்கட்டு எவ்வளவு அகலம், அளந்து பாருங்கள் என்றேன். மணிக்கட்டுத்தான் பெரிது என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். அளந்தால் கண் பெரிது! பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பிள்ளையின் கண்ணும் அதன் மணிக்கட்டைவிடப் பெரிதாக இல்லை. "இந்தக் கைய வச்சிக்கிட்டு எப்படி டீச்சர் ஸ்கூல் பேக்கத் தூக்குவா?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இத வரைஞ்சவங்க தப்பா வரைஞ்சிட்டாங்களா?" என்றாள்.

தப்பில்லை, வேண்டுமென்றே அப்படி வரைந்திருக்கிறார்கள் என்றேன். கண்ணைப் பெரிதாகப் போட்டால் அழுகையும் பயமும் தூரத்திலிருந்தே தெரியும், அதற்கு ஒரு காரணம் உண்டு. இடுப்பை அவ்வளவு ஒடுக்கியதற்கு, நாயகி என்றால் இப்படித்தான் என்று பல காலமாக வரைந்து வந்த பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 1989இல் வந்த கடற்கன்னிப் படத்தை நினைத்துப் பாருங்கள். ஏரியலுக்குக் கைப்பிடி இடுப்பு. பருத்த உடம்பு சூனியக்காரி உர்சுலாவுக்கு. அவள் இளவரசனை ஏமாற்றக் கிளம்பும்போது ஒல்லியான பெண்ணாக மாறித்தான் போகிறாள். எந்த உடம்பு யாருக்கு என்பதைப் பிள்ளைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு கோடும் ஒருவர் உட்கார்ந்து எடுத்த முடிவு. உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு மெரிடாவின் கதையைச் சொல்லுங்கள். 2012இல் வந்த 'பிரேவ்' படத்தில் அவள் உருண்டை முகமும் அடங்காத செம்பட்டைச் சுருள்முடியும் வில்லும் அம்புமாக இருந்தாள். அடுத்த ஆண்டு டிஸ்னி இளவரசிகளின் வரிசையில் அவளைச் சேர்த்தபோது புதிதாக ஒரு படம் வெளியிட்டார்கள். இடுப்பு ஒடுங்கிவிட்டது, கவுனின் கழுத்து இறங்கிவிட்டது, முடி படிந்துவிட்டது, வில்லைக் காணோம். தன் மகளை மனத்தில் வைத்து அவளை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மனே அதைக் கண்டித்தார். பழைய மெரிடாவே வேண்டும் என்று 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகளிடம் காட்டுங்கள். என்னென்ன மாறியிருக்கிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். கூடவே 2021இல் வந்த 'என்கான்டோ' படத்தின் லுயிசாவையும் காட்டுங்கள். தோள் அகன்று, கை திரண்டு, கழுதைகளை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிற பெண். அவளையும் யாரோ முடிவுசெய்துதான் வரைந்திருக்கிறார்கள்.

நம்மிடமும் கொடியிடை, மின்னிடை எல்லாம் உண்டே என்று யாராவது கேட்கலாம். உண்டுதான். கம்பன் சீதையைப் 'பொய்யோ எனும் இடையாள்' என்றான். எனக்கு மிகவும் பிடித்த தொடர் அது. ஆனால் கேட்கிறவர் அந்த இடையைத் தன் மனத்துக்கு ஏற்றபடிதான் கற்பனை செய்துகொள்கிறார். யாரும் விரலை வளைத்து அளவு பார்ப்பதில்லை. திரையிலோ அது இவ்வளவு என்று கோடு கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி, மாமியார் சொன்னதற்கு வருகிறேன். வளர்ந்தால் தானாகச் சரியாகாது, ஏனென்றால் திரை தொடங்கியதை நாம்தான் முடித்துவைக்கிறோம். தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது கேட்டுப் பாருங்கள். "என்ன, கன்னமெல்லாம் உப்பிடுச்சு?", "கொஞ்சம் கறுத்துட்டாளே?" முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொல்வார்கள். எனக்குப் பதினோரு வயதில் ஓர் அத்தை "இவளுக்கு என் அளவு ரவிக்கையே போதும்" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அந்தத் தீபாவளிக்கு நான் என்ன உடுத்தியிருந்தேன் என்பதுகூட நினைவில்லை, அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, இது உங்களுக்கும்தான். இங்கே 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளை (TAF) திருப்பிப் படித்து, ஆங்கிலத்தில் குண்டு என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். நோக்கம் ஆரோக்கியம்தான், ஆனால் அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று அம்மாக்கள். கண்ணாடி முன் நின்று "ஐயோ, தொப்பை" என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பின்னால் மகள் நிற்கிறாள். அந்தப் பேச்சை இன்றே நிறுத்திவிடுங்கள். உறவினரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாமியாரையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. பெரியவர் வாயால் வந்தால் ஒருவரும் தட்டமாட்டார்கள்.

அவள் சாப்பாட்டைத் தவிர்க்க ஆரம்பித்தாலோ, சாப்பிட்டதை மறைத்தாலோ காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்திலோ பள்ளி ஆலோசகரிடமோ உடனே பேசுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்போது அந்த நிலை இல்லை.

ஒரு வேலை மட்டும் சீக்கிரம் செய்யுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்த அளவில் தைத்தால் பாவாடை இடுப்பை இறுக்கும். தீபாவளியன்று நாள் முழுக்க அவள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பாள். துணியை வெட்டுவதற்குள் அவளையும் கூட்டிக்கொண்டு தேக்காவுக்கு இன்னொரு நடை போய்வாருங்கள். முதலில் கீழே உணவங்காடியில் அவளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுங்கள். வயிறு நிறைந்த பிறகு மாடிக்குப் போய், புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா