விமானியும் கோபுரமும்: பேச்சு தவறினால் என்ன ஆகும்? (கேள்வி பதில்)

விமானக் கட்டுப்பாட்டு கோபுரத்தில் பல வருடம் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தவன் நான். விமானிக்கும் கோபுரத்துக்கும் இடையே பேச்சு அறுந்துபோவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முரளி: நடுவானில் ரேடியோ மொத்தமாகச் செத்துவிட்டால் விமானி என்ன செய்வார் சார்?

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். எங்களுக்கோ இதில்தான் தலைவலி குறைவு. பெரிய விமானங்களில் வழக்கமாக மூன்று ரேடியோ இருக்கும். மூன்றும் போய்விட்டால் விமானி டிரான்ஸ்பாண்டரில் (விமானம் யாரென்று ரேடாருக்குக் காட்டும் கருவி) 7600 என்று போடுவார். எங்கள் ரேடார் திரையில் உடனே தெரிந்துவிடும். அதற்கு மேல் அவர் என்ன செய்யவேண்டும் என்பது இருதரப்பும் முன்பே படித்து வைத்த விதி. வானம் தெளிவாக இருந்தால் பக்கத்தில் தோதான நிலையம் பார்த்து இறங்குவார். மேகத்துக்குள் மாட்டியிருந்தால், தாக்கல் செய்த பறப்புத் திட்டப்படியே வருவார். நாங்கள் மற்ற விமானங்களை ஒதுக்கி வழிவிட்டு வைப்போம்.

கோபுரத்தில் விளக்குத் துப்பாக்கி என்று ஒன்றும் உண்டு. கையில் பிடித்து விமானத்தைக் குறிபார்த்து ஒளி அடிக்கவேண்டும். வானத்தில் இருப்பவருக்கு அணையாத பச்சை காட்டினால் இறங்கலாம். அணையாத சிவப்பு என்றால் வழிவிட்டு வட்டமடிக்கவேண்டும். விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்கவே கூடாது. புரிந்துவிட்டது என்பதற்கு பகலில் இறக்கையை ஆட்டுவார், இரவில் விளக்கை இரண்டு முறை போட்டு அணைப்பார்.

பேச்சு இல்லை என்று இருவருக்குமே தெரிந்துவிட்டால் பாதி ஆபத்து போச்சு. சரியாகக் கேட்டுவிட்டதாக இருவரும் நம்பிக்கொண்டு இருக்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

ஷாலினி: இந்தக் காலத்திலும் ஏன் அந்தக் கரகர ஒலி? எஃப்எம் மாதிரி தெளிவாக வைக்கக்கூடாதா?

விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் ஏஎம் முறையில் போகிறது. எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால், பலமான குரல் மட்டும் சுத்தமாகக் கேட்கும். மற்றவர் பேசியதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று சத்தம் வரும். காதுக்குக் கொடுமை. ஆனாலும் எதையோ தவறவிட்டோம் என்றாவது தெரிகிறது.

தெரிந்தும் பலனில்லாமல் போனது ஒரு நாள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு, லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். ஓடுபாதையை மூடுபனி மறைத்திருந்தது. ஒரு முனையில் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன ஜம்போ. அதே ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன ஜம்போ எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் கேப்டன் அனுமதி வராமலே விமானத்தை ஓடவிட்டார். துணை விமானி, "நாங்கள் இப்போது டேக் ஆஃபில்" என்று அரைகுறையாகச் சொன்னார். கோபுரம் "ஓகே" என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, "டேக் ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆம், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்றது. இரண்டு பேச்சும் மோதிக்கொண்டன. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" ஒன்றுதான், பின்னாலேயே கீச்சொலி. அங்கிருந்த ஃபிளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டு, "பான் ஆம் இன்னும் விலகவில்லையோ?" என்று கேட்டார். விலகியாயிற்று என்று கேப்டன் அடித்துச் சொல்லிவிட்டார். இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு, அனுமதி கொடுக்கும்போதும் அதைத் திருப்பிச் சொல்லும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர "டேக் ஆஃப்" என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை. மற்ற நேரமெல்லாம் "டிபார்ச்சர்"தான்.

ஜான்சன்: அதான் விமானி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்கிறாரே, அப்புறம் எப்படித் தப்பு வரும்?

திருப்பிச் சொல்வது பாதி வேலை. அதைக் கவனித்துக் கேட்பது மீதி. இந்த இரண்டாவது பாதியில்தான் ஓட்டை. ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு விமானங்களைக் கவனிக்கும் கன்ட்ரோலரின் காது, தான் சொன்னதையே கேட்கத் தயாராக இருக்கும். 1989இல் கோலாலம்பூர் அருகே ஒரு சரக்கு விமானத்துக்கு 2400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். எண்ணை "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, முதலில் வந்த "டூ"வை ஆங்கிலத்தில் "வரை" என்ற பொருளில் எடுத்துக்கொண்டு "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார் விமானி. 400 அடி! யாரும் தடுக்கவில்லை. விமானம் மலையில் மோதியது. இருந்த நால்வரும் போய்விட்டார்கள்.

ஃபாத்திமா: ஆங்கிலம் சரியாக வராத விமானிகளால்தான் பிரச்சினை என்கிறார்களே?

ஓரளவுக்கு உண்மை. சர்வதேச விமானம் ஓட்டுபவர் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலமாவது காட்டவேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதி வைத்திருக்கிறது. ஆனால் இலக்கணத்தைவிடச் சரியான வார்த்தை முக்கியம். 1990 ஜனவரி 25, கொலம்பியாவின் அவியாங்கா நிறுவன விமானம் 52, நியூயார்க். மோசமான வானிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்க வைத்தார்கள். துணை விமானி "முன்னுரிமை" கேட்டார், "எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்றும் சொன்னார். "மேடே" (உயிராபத்து என்று அறிவிக்கும் அழைப்பு) என்றோ "எமர்ஜென்சி" என்றோ கடைசிவரை சொல்லவில்லை. அங்கே எல்லா விமானத்துக்கும்தான் எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் பலி. இப்போது "மினிமம் ஃபியூல்" என்றால் இனித் தாமதம் தாங்காது என்று பொருள். "மேடே ஃபியூல்" என்றால் மற்றவர்கள் ஒதுங்கவேண்டும். என்னைக் கேட்டால், மரியாதைக்காக மென்று விழுங்கும் விமானியைவிட வீணாக மேடே சொல்லும் விமானியே மேல்.

பிரகாஷ்: மைக் பட்டன் சிக்கிக்கொண்டால்?

எரிச்சலான விஷயம். பட்டன் விடுபடும்வரை அந்த அலைவரிசையையே அடைத்துவிடும். சம்பந்தப்பட்டவருக்கு அது தெரிவதும் இல்லை. நாங்கள் மாற்று அலைவரிசைக்குப் போவோம். காக்பிட்டில் மதிய சாப்பாட்டைப் பற்றிப் புலம்புவதெல்லாம் ஊரே கேட்கும்.

கவிதா: எதிரே விமானம் வரும்போது மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டிகாஸ் கருவி "ஏறு" என்கிறது, கன்ட்ரோலர் "இறங்கு" என்கிறார். யாரைக் கேட்பது?

கருவியை. இரண்டு விமானக் கருவிகளும் தங்களுக்குள் பேசி, ஒன்று ஏற, மற்றது இறங்க என்று முடிவெடுக்கின்றன. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் அருகே ஒரு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது, மற்றது கன்ட்ரோலர் சொன்னபடி இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள். ஆபத்தைத் தங்கள் திரையில் பார்த்த பக்கத்து நிலையத்தார் தொலைபேசியில் கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லை. பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது.

செந்தில்: 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவில் திருப்பிச் சொன்னது சரியாகத்தானே இருந்தது?

சரியாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். கடலோரக் காவல் விமானத்திடம் ஓடுபாதைக்கு முன் உள்ள நிறுத்தக் கோட்டுக்குப் போகச் சொல்லி, "நம்பர் ஒன்" என்றும் சொன்னார்கள். புறப்படும் வரிசையில் முதல் இடம் என்பது பொருள். விமானி அதை அப்படியே திருப்பிச் சொன்னார். ஆனால் ஓடுபாதைக்குள் நுழையவே அனுமதி என்று நினைத்துப் போய் நின்றுவிட்டார். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல் விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பிறகு ஜப்பானில் அந்த "நம்பர் ஒன்" சொல்வதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

ரேவதி: பேசுவதை விட்டு எழுத்தில் அனுப்பிவிடலாமே?

அனுப்புகிறோம். கடல் மேல் நீண்ட தூரம் பறக்கும்போது உயரம் மாற்றுவது போன்றவை இப்போது பெரும்பாலும் எழுத்துச் செய்திதான். ஆனால் படித்து, சரிபார்த்து, பட்டன் அழுத்திப் பதில் வர நேரமாகும். தரையிறங்கும் கடைசி நிமிடங்களில் "திரும்பி மேலே போ" என்று அலறவேண்டி வந்தால் எழுத்துக்கு நேரமில்லை. இன்னொன்று, ரேடியோவில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிறார்கள். நான் விமானி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இறங்கும் ஓடுபாதையில் வேறொருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டால், என் காதிலும் விழும், நான் கத்துவேன். எழுத்துச் செய்தி உரியவருக்கு மட்டும்தான் போகும்.