தூண்டில் நரம்பை எப்போது மாற்றுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் அவ்வப்போது தூண்டில் போடுபவன் நான். ஓராண்டுக்கு முன் சுற்றிய 20 பவுண்டு நைலான் நரம்பு பார்வைக்குப் புதிதாகவே இருக்கிறது. ஆனால் அண்மையில் ஒரு பெரிய மீன் சிக்கியபோது அறுந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவசியம்தானா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஆண்டுக் கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நரம்பின் வயதைவிட, அது எங்கே வைக்கப்பட்டிருந்தது, எதன்மேல் உரசியது என்பவையே முக்கியம். அறுந்த முனையை நீங்கள் வெட்டி எறியாமல் வைத்திருந்தால், அதை முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சுதான் நழுவியிருக்கிறது, நரம்பின்மேல் குற்றமில்லை. முனையும் அதற்கு மேலுள்ள சிறு பகுதியும் சொரசொரப்பாக இருந்தால், படகுத்துறைத் தூண்களில் ஒட்டியிருக்கும் கூரிய ஓடுடைய கொட்டலசுகளோ அடியிலுள்ள பாறையோ அறுத்திருக்கும். எந்த உரசலும் தெரியாமல், வழக்கமாகத் தாங்கும் இழுவைக்கே அறுந்திருந்தால் மட்டுமே நைலான் நலிந்துவிட்டதா என்று சந்தேகிக்க வேண்டும்.

நைலானை நலியச் செய்வதில் முதலிடம் வெயிலுக்கு. புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாகத் துண்டிப்பதால், நரம்பு வெளித்தோற்றம் மாறாமலே வலுவிழக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இடமில்லை என்று தூண்டில் கோலை ரீலுடன் தாழ்வாரத்திலோ துணி உலர்த்தும் இடத்திலோ சாத்திவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் தீவில் ஆண்டு முழுவதும் வெயில் கடுமையாக இருப்பதால், அந்தப் பழக்கம் பல நாள் மீன்பிடிப்பைவிட நரம்புக்கு அதிகக் கேடு செய்யும். ரீலை அலமாரிக்குள் வைப்பதே நல்லது.

ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்ததும் ரீலைக் குழாய்த் தண்ணீரில் மென்மையாகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு ரீலின் உட்பகுதிக்குள் போய்விடும். அடுத்த முறை தூண்டில் போடுவதற்கு முன், முனையிலிருந்து ஐந்து மீட்டர் வரை நரம்பை விரல்களுக்கிடையே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் எங்கேனும் தட்டுப்பட்டால், அதற்கு மேலே வெட்டிவிட்டுப் புதிய முடிச்சுப் போடுங்கள். இறுக்குவதற்கு முன் முடிச்சை ஈரப்படுத்தத் தவறாதீர்கள், ஏனெனில் உலர்ந்த நைலான் உராய்வுச் சூட்டிலேயே பழுதாகும். என் அனுபவத்தில், பலர் முழு நரம்பையும் மாற்றும் நேரத்தில் உண்மையில் தேவைப்படுவது இந்தச் சில மீட்டர்களை வெட்டுவதுதான்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? விரலில் வெண்தூள் ஒட்டினாலோ, தண்ணீரில் நனைத்து இழுத்த பிறகும் சுருள் நீங்காவிட்டாலோ மாற்றிவிடுங்கள். ஐயமிருந்தால், நரம்பை நனைத்து ஸ்பிரிங் தராசின் கொக்கியில் கட்டி இழுங்கள். 20 பவுண்டு என்பது ஏறத்தாழ ஒன்பது கிலோ. நல்ல முடிச்சு இருந்தும் அதில் பாதியைக்கூடத் தாங்காவிட்டால் அந்த நரம்பை நம்ப முடியாது. அப்போதும் ரீலை முழுவதும் காலி செய்ய வேண்டியதில்லை. வெயிலும் உரசலும் பெரும்பாலும் மேற்சுற்றுகளையே தாக்குவதால், அடியிலுள்ளதை விட்டுவைத்து மேலே 100 மீட்டர் புதியதை இணைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் பீக்காக் பாஸ் மீன் பிடிக்கப் பின்னல் நரம்பைப் பயன்படுத்துகிறேன். பச்சை நிறம் வெளிறிவிட்டது. மாற்ற வேண்டுமா? – ஈசூன் வாசகர்

பதில்: நிறம் போனதற்காக மாற்ற வேண்டாம். பின்னல் நரம்பின் பாலிஎதிலீன் இழைகளில் சாயம் ஆழமாக ஏறாது. அது மேலே பூசப்பட்டது, தேய்ந்தால் போய்விடும். இழைகள் பிரிந்து பஞ்சு போல் எழும்புகின்றனவா என்று பாருங்கள். அதுதான் வலு குறைந்ததன் அடையாளம். நம் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி என்பதால், நாள் முழுவதும் வீசி வீசி இழுக்கிறீர்கள். தூண்டில் கோலின் வளையங்களில் உரசித் தேய்வது முன்பகுதி மட்டுமே. அதனால் நரம்பு முழுவதையும் இன்னொரு ஸ்பூலுக்கு (நரம்பு சுற்றும் உருளைக்கு) மாற்றித் தலைகீழாகச் சுற்றினால், இதுவரை அடியில் கிடந்த புதிய பகுதி மேலே வந்துவிடும். பின்னல் நரம்பு வழுக்கும் தன்மையுடையது; ஸ்பூலின் அடியில் முதலில் சில சுற்று நைலானைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் மொத்த நரம்பும் ஸ்பூலின்மேல் சுழலும்.

கேள்வி: கழித்த நரம்பை என்ன செய்வது? – வுட்லண்ட்ஸ் வாசகி

பதில்: கரையிலோ தண்ணீரிலோ ஒரு துண்டைக்கூட விடாதீர்கள். நீர்நாய்களும் பறவைகளும் அதில் சிக்கித் துன்பப்படுகின்றன. சாணளவுக்கும் குறைவான துண்டுகளாக நறுக்கி, பையில் கட்டி, வீட்டுக் குப்பையுடன் சேருங்கள். அது எரிஆலைக்குப் போய்விடும். சிக்கலாக அவிழ்ந்த நரம்பையும் அப்படியே பைக்குள் திணிக்காமல் வெட்டிய பிறகே போடுங்கள்.