ஐந்தாவது பாடம் உடற்கல்வியா?

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேரப்போகிறாள். கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம். ஐந்தாவதாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், உடற்கல்விதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். மாவட்ட அளவில் வாலிபால் ஆடுகிறவள். "பி.டி. பீரியடுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்கிறார் அவள் அப்பா. இன்ஜினீயரிங் சேர முடியாமல் போய்விடுமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: போகாது. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடுகிறார்கள்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஐந்தாவது பாடம் அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால், "ஸ்போர்ட்ஸ் பிசியோ ஆகணும்" என்கிற ஆசை அவளுக்கு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பிசியோதெரபி படிப்புக்கு உயிரியல் வேண்டும். அப்படியென்றால் ஐந்தாவது இடம் உயிரியலுக்கு. பள்ளி அனுமதித்தால் உடற்கல்வியை ஆறாவதாக வைத்துக்கொள்ளலாம்.

அவள் அப்பா நினைப்பதுபோல இது பி.டி. பீரியட் இல்லை. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: 19 அணிகள் நாக்-அவுட் ஆடினால் மொத்தம் எத்தனை ஆட்டம், முதல் சுற்றில் எத்தனை அணிக்கு 'பை' (bye, ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு)? (18 ஆட்டம், 13 பை. அதே அணிகளை எல்லோரும் எல்லோரோடும் மோதும் லீக் ஆடவிட்டால் 171 ஆட்டம்!) பாடத்தில் இதுவும் ஒரு பகுதி. ஊட்டச்சத்து, காயங்கள், உடலியங்கியல், நியூட்டனின் விதிகள் மைதானத்தில் எப்படி வேலை செய்கின்றன என்பதெல்லாம் உண்டு. முதியோருக்கான உடல்தகுதிச் சோதனையும் உண்டு. முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். உங்கள் மாமியாரை அவள் கூப்பிட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

சரி, படித்து எங்கே போவது? இதில்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பிளஸ் டூவில் உடற்கல்வி எடுத்ததாலேயே உடற்கல்விக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது, எடுக்காதவர்களும் சேரலாம். அங்கே பேசுவது விளையாட்டுச் சான்றிதழும் உடல்தகுதித் தேர்வும்தான். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வெளி மாநிலம் போகத் தயார் என்றால் குவாலியரில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனமும் இருக்கிறது. பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் ஒரு டிகிரிக்குப் பிறகு இரண்டு வருட பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பட்டம்). பயிற்சியாளராக வேண்டுமென்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ. ஆகவே மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களை லேமினேட் செய்வதற்கு முன் இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளிகள் பலவற்றில் பி.டி. சாருக்குச் சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. பரீட்சை நெருங்கினால் அவர் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். அரசுப் பணிக்குப் போட்டி கடுமை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அவள் வருவது நல்லது. கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், அது எந்த வயதிலும் கற்கக்கூடியது. வாலிபால் அப்படியில்லை.

பாடத்தைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடும் முன் பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பாடத்துக்கென்று தகுதியான ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை நோட்ஸ் எழுதிப்போடுவதோடு சரியா? அப்புறம், பிளஸ் டூ மாணவிகளைச் சாயங்காலம் பயிற்சிக்கு விடுவார்களா? பாடத்தைக் கொடுத்துவிட்டு மைதானத்தைப் பூட்டிவிடும் பள்ளிகளும் இருக்கின்றன.