கார் கண்ணாடியை இறக்கிவிட்டால் தூக்கம் போகுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஒன்றரை வருடமாக இங்கிலாந்தில் லோக்கம் டாக்டராக, அதாவது ஏஜென்சி வழியாகத் தற்காலிக வேலைக்குப் போகும் டாக்டராக இருக்கிறேன். வீடு லீட்ஸில். இந்தக் குளிர்காலத்துக்கு ஹல் பக்கம் ஒரு மருத்துவமனையில் நைட் ஷிப்ட் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தொடர்ந்து நான்கு இரவு, பிறகு லீவு. போன குளிரில் மூன்று முறை காய்ச்சலில் விழுந்தேன். படுத்த நாளுக்கு எங்களுக்குச் சம்பளம் கிடையாது. எதிர்ப்பு சக்திக்கு என்ன சாப்பிடலாம்? துத்தநாக மாத்திரை, வைட்டமின் சி, அம்மா அனுப்பிய கஷாயப் பொடி எல்லாம் கைவசம் இருக்கிறது. காலையில் எம்62 சாலையில் திரும்பும்போது கண் சொருகுகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்துச் சமாளித்துவிடுகிறேன். உடம்பைத் தேற்ற வழி சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

கேட்டதற்கு முதலில் பதில். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அங்கே வெயிலில் நின்றாலும் வைட்டமின் டி போதிய அளவு கிடைக்காது. தினம் 10 மைக்ரோகிராம் எடுங்கள். நம் நிறத்துக்கு வருடம் முழுக்க எடுத்தாலும் தகும். வைட்டமின் சி சளியைத் தடுக்காது. துத்தநாகத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை. கஷாயம் தொண்டைக்கு இதம், குடியுங்கள்.

ஃப்ளூ ஊசி பலன் தர இரண்டு வாரம் பிடிக்கும். நிரந்தர ஊழியர்களை வார்டுக்கே தேடி வந்து குத்துவார்கள். லோக்கத்தை யார் தேடுவது? முதல் ஷிப்டிலேயே நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும். எஃப்எஃப்பி3 முகக்கவசத்தில் எந்த மாடல் உங்கள் முகத்துக்குப் பொருந்தியது என்ற சோதனைச் சீட்டைப் பையிலேயே வையுங்கள், புது இடத்தில் வேறு மாடல் இருக்கலாம். வாந்தி, பேதி தரும் நோரோவைரஸ் பரவிய வார்டில் ஆல்கஹால் ஜெல்லை நம்பாதீர்கள், சோப்பும் தண்ணீரும்தான். உங்களுக்கே வாந்தி வந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்குப் போகக் கூடாது, காசு போனாலும். சூடான சளிப்பொடி குடித்த கையோடு பாராசிட்டமாலையும் விழுங்காதீர்கள். பல பொடிகளில் அதுதான் இருக்கிறது.

இதில் முக்கால்வாசி உங்களுக்குத் தெரியும், நீங்களும் டாக்டர்தானே. நான் பதில் எழுதுவது கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரிக்காக. சமாளித்துவிடுகிறீர்களாம்! "நெஞ்சு வலி வரும் டாக்டர், வெந்நீர் குடித்துச் சமாளித்துவிடுவேன்" என்று ஒரு நோயாளி சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா?

கணக்குப் போடுங்கள். முதல் இரவன்று காலை எட்டு மணிக்கு எழுகிறீர்கள். மதியம் தூங்கவில்லை. இரவு எட்டரைக்கு வேலைக்குள் போய், மறுநாள் காலை ஒன்பதுக்குக் காரை எடுக்கும்போது விழித்து 25 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் விழித்திருந்தாலே, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவனின் மந்தம் வந்துவிடுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவருக்கு அதுதான் எல்லை. 24 மணி நேரம் ஆனால் ஏறக்குறைய 0.10. இங்கிலாந்தின் 0.08ஐயும் தாண்டியாயிற்று. போலீஸ் கருவியில் ஊதினால் காட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கண் சொருகுவதைத் தூக்கம் வரப்போகும் அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அதுவே தூக்கம்தான். 70 மைல் வேகத்தில் கார் நொடிக்கு 31 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி இமை மூடினால் 125 மீட்டர் தூரத்துக்கு அதை ஓட்ட ஆளில்லை. பனிக்காற்று முகத்தில் அடித்தால் சில நிமிடம் தெளிந்த மாதிரி இருக்கும். விழித்திருந்த நேரமெல்லாம் மூளையில் சேர்ந்த அடினோசின் என்ற தூக்கம் வரவழைக்கும் பொருள் எங்கும் போகாது. காபிகூட அதைக் கரைப்பதில்லை, அடினோசின் போய் உட்காரும் இடத்தை மறிக்கிறது. போதாக்குறைக்கு டிசம்பரில் அங்கே எட்டேகால் வாக்கில்தான் விடியும். ஹல்லிலிருந்து மேற்கே போகிற உங்களுக்குச் சூரியன் முதுகுப் பக்கம், காருக்குள் ஹீட்டர் சூடு. தாலாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

28 பிப்ரவரி 2001 அன்று விடியற்காலையில் இதே எம்62இல், இதே மேற்குத் திசையில், இரவெல்லாம் தூங்காத ஒருவர் லேண்ட் ரோவர் ஓட்டிப் போனார். செல்பிக்குப் பக்கத்தில் கிரேட் ஹெக் என்ற இடத்தில் வண்டி சாலையை விட்டு விலகிச் சரிவில் இறங்கித் தண்டவாளத்தில் போய் நின்றது. லண்டன் போகும் ரயில் அதில் மோதித் தடம் புரண்டது, எதிரே வந்த நிலக்கரி ரயில் அதன்மேல் மோதியது. 10 பேர் செத்தார்கள். தூங்கவில்லை என்று அவர் கடைசிவரை மறுத்தார், ஜூரி நம்பவில்லை. ஐந்து வருடச் சிறை. அந்தத் தண்டவாளத்தை எம்62 தாண்டும் பாலத்தின் மேல்தான், தம்பி, நீங்கள் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போகிறீர்கள்.

முதல் இரவுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள். நல்ல சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள். நள்ளிரவில் புளியோதரை டப்பாவைத் திறந்தால் மூன்று மணிக்குத் தலை தொங்கும், பசித்தால் கொஞ்சம் தயிர்சாதம் போதும். இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் பிளீப்பை (அவசரத்துக்கு உங்களை அழைக்கும் பேஜரை) இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அலாரம் வைத்து 20 நிமிடம் படுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து மருந்தளவைத் தப்பாக எழுதுவீர்கள். மூன்று மணிக்குப் பிறகு காபி வேண்டாம், அதில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும், பகல் தூக்கம் கெடும்.

வேலை முடிந்ததும் காரைத் தொடாதீர்கள். நான்கு இரவும் ஹல்லிலேயே தங்குங்கள். பயிற்சி மருத்துவர்களின் 2016 ஒப்பந்தத்தில், களைப்பால் வீடு திரும்ப முடியாதவருக்கு ஓய்வறையோ வேறு ஏற்பாடோ தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. லோக்கத்துக்கு அது தானாக வராது. ஏஜென்சியிடம் மணிக்கு இரண்டு பவுண்டு கூடக் கேட்டு மல்லுக்கட்டுகிறீர்களே, அந்த மூச்சில் அறையைக் கேளுங்கள். தராவிட்டால் சொந்தக் காசில் எடுங்கள், இரண்டு மணி நேரச் சம்பளத்துக்கு மேல் ஆகாது. அதற்கும் மனசில்லையா, லீட்ஸுக்கு நேரடி ரயில் இருக்கிறது, அதில் உட்கார்ந்து வாய் பிளந்து தூங்குங்கள்.

நான்காம் நாள் காலை எல்லாருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடும். அன்றும் தூங்கி எழுந்து மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். வழியில் கண் கனத்தால் அந்த நாட்டுச் சாலை விதியே சொல்கிறது: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு கோப்பை காபி குடித்து, குறைந்தது 15 நிமிடம் தூங்கு. காபியை முதலில் குடியுங்கள், அது ஏறுவதற்குள் தூங்கி எழுந்துவிடலாம். ஆனால் ஃபெரிபிரிட்ஜ் சர்வீஸில், அந்தச் சாலையோர ஓய்விடத்தில், நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிரேட் ஹெக் பாலத்தைத் தாண்டித்தான் அது வரும்.