கேளுங்கள், சொல்கிறோம்: சோளக்காட்டு நடுவே ஒரு வில்லேஜ்

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் மாநிலங்களில் உள்ள சின்ன ஊர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

ஒஹாயோவில் என் மகள் இருக்கும் ஊரில் 3,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். மேயர் இருக்கிறார், கவுன்சில் இருக்கிறது. ஆனாலும் பெயர்ப்பலகையில் 'வில்லேஜ்' என்றுதான் இருக்கிறது. ஏன்?

அங்கே வில்லேஜ் என்பது சட்டம் வைத்த பெயர். ஒஹாயோவில் மக்கள்தொகை 5,000-ஐ எட்டினால் சிட்டி, அதற்குக் கீழே வில்லேஜ். பத்தாண்டுக் கணக்கெடுப்பு முடிந்ததும் தகுதி மாறலாம்; ஆள் குறைந்து சிட்டி வில்லேஜ் ஆவதும் உண்டு. இல்லினாயில் வில்லேஜுக்குத் தலைவர் 'பிரெசிடெண்ட்', அவரோடு ஆறு டிரஸ்டிகள் (மன்ற உறுப்பினர்கள்). மிச்சிகனில் வில்லேஜ்வாசி, அந்த வட்டாரத்து உள்ளாட்சியான டவுன்ஷிப்புக்கும் சேர்த்து வரி கட்டுகிறார். முதல் வரி பில்லைப் பார்த்ததும் புதிதாகக் குடிவந்தவர் திடுக்கிடுவது இதனால்தான். இண்டியானாவில் இதே அளவு ஊர் 'டவுன்'. மினசோட்டா 1974-ல் எல்லா வில்லேஜையும் சிட்டி ஆக்கிவிட்டது. அயோவாவில் ஐம்பது பேர் இருந்தாலும் சிட்டிதான்! ஆகவே எந்த மாநிலம் என்று தெரியாமல் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது.

கிராமச் சாலைகள் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போகின்றன. திடீரென ஓரிடத்தில் சற்று ஒதுங்கி, மறுபடி நேராகின்றன. காரணம் என்ன?

1785-ல் வந்த நில அளவைச் சட்டம். ஈஸ்ட் லிவர்பூல் என்ற ஒஹாயோ ஆற்றங்கரை ஊருக்குப் பக்கத்தில் அளவு தொடங்கியது. கருவி 66 அடி நீளச் சங்கிலி; 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 6 மைலுக்கு 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் கட்டங்கள் 36. ஒவ்வொரு கட்டமும் 640 ஏக்கர் கொண்ட ஒரு 'செக்‌ஷன்'. அதில் 16-ஆம் செக்‌ஷனைப் பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கினார்கள். பல கிராமச் சாலைகளுக்கென ஒதுக்கிய நிலத்தின் அகலம் இன்றும் 66 அடி, அதாவது ஒரு சங்கிலி.

ஆனால் பூமி உருண்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும், சதுரம் குறுகும். அதைச் சரிக்கட்ட, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை திருத்தக்கோடு போட்டுப் புதிதாக அளந்தார்கள். சாலை ஒதுங்கும் இடம் அந்தக் கோடுதான். பனிமூட்டத்தில் வேகமாக வருபவர்கள் அங்கே நேராக வயலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். அளந்தவர் வசதிக்குப் போட்ட கணக்குக்கு ஓட்டுநர் பலியாகிறார்.

எல்லா இடமும் இப்படி இல்லை. ஒஹாயோவில் சயோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதி வர்ஜீனியா போர்வீரர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே மரத்தையும் பாறையையும் எல்லையாக வைத்தார்கள். மரம் விழுந்ததும் வழக்கு எழுந்தது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சங்கிலி போன நிலம் காலி நிலம் அல்ல. ஷானி, மயாமி முதலான பழங்குடி மக்களுடையது. 1795-ஆம் ஆண்டின் கிரீன்வில் உடன்படிக்கைதான் ஒஹாயோவின் பெரும்பகுதியை அவர்களிடமிருந்து பறித்தது.

ரயில் பாதை ஓரம் நிற்கும் உயரமான சிமெண்ட் கோபுரங்களில் என்ன நடக்கிறது?

தானியம் சேர்க்கும் இடம், 'எலிவேட்டர்' என்பார்கள். குதிரைவண்டியில் தானியம் ஏற்றி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் எவ்வளவோ, அவ்வளவுக்கு ஒரு நிலையம் வைத்தது ரயில் கம்பெனி. பல ஊர்கள் ஏழிலிருந்து பத்து மைல் இடைவெளியில் இருப்பது அதனால்தான்.

லாரி முதலில் எடைமேடையில் ஏறும். நீளக் குழாயைத் தானியத்தில் செருகி மாதிரி எடுத்து ஈரம் பார்ப்பார்கள். பிறகு லாரி குழியில் கொட்டும். வாளிகள் கோத்த பட்டை அதைக் கோபுரத்து உச்சிக்குத் தூக்கும். தானியத்தை 'புஷல்' என்ற அளவில் கணக்கிடுவார்கள்: மக்காச்சோளம் ஒரு புஷல் 56 பவுண்டு, சோயாவும் கோதுமையும் 60. மக்காச்சோளத்தில் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே காயவைக்கவேண்டும். 20 சதவீத ஈரத்தோடு வந்த 100 புஷல், 15 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 94 புஷல்தான் (80-ஐ 85-ஆல் வகுத்தால் வரும்). விவசாயி முணுமுணுப்பது இந்தக் கணக்கில்தான், ஆனால் கணக்கு சரியானது.

ஆபத்தும் ஈரத்திலேயே தொடங்குகிறது. ஈரத் தானியம் மேலே இறுகிப் பாலம்போல் நிற்கும், அடியில் காலியாகிவிடும். மேலே நடந்தால் அது உடைந்து ஆள் உள்ளே விழுவார். கீழே தானியம் இறங்கிக்கொண்டிருந்தால் சில நொடிகளில் இடுப்பு மூழ்கும். முழங்காலுக்கு மேல் புதைந்தவரைக் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. தானியம் அவ்வளவு இறுகப் பிடித்திருக்கும், முதுகெலும்பு தாங்காது. ஆளைச் சுற்றித் தகடுகளை இறக்கி வளையமாக்கி, வளையத்துக்குள் இருக்கும் தானியத்தை மட்டும் எடுப்பதுதான் முறை. அவ்வூர்த் தீயணைப்பாளர்கள் இதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள்.

அந்தத் தீயணைப்பு நிலையம் பான்கேக் விருந்து வைத்து நிதி திரட்டுகிறது. அரசு பணம் தராதா?

வரிப்பணம் கொஞ்சம் வரும், ஆனால் ஒரு தீயணைப்பாளரின் உடுப்புத் தொகுதியே பல ஆயிரம் டாலர். பெரும்பாலோர் தன்னார்வலர்கள். விருந்துக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். காப்பீட்டு மதிப்பீட்டில் நிலையங்களுக்கு 1 முதல் 10 வரை தரம் உண்டு, 10 மிக மோசம். நிலையத்திலிருந்து சாலைவழி 5 மைலுக்குள்ளும், தண்ணீர்க் குழாய்முனையிலிருந்து 1,000 அடிக்குள்ளும் வீடு இருந்தால் நல்ல தரம் கிடைக்கும். 5 மைலைத் தாண்டினால் பொதுவாகப் 10தான், பிரீமியம் ஏறும். நிலையம் மூடப்பட்டால் ஊரே கூடுதலாகக் கட்டும். பான்கேக்குக்குத் தரும் டாலர் அதோடு ஒப்பிட்டால் மலிவு.

குழாய்முனை இல்லாத இடத்துக்கு டாங்கர் லாரி போகும். 2,000 கேலன் தண்ணீர் சுமார் 16,700 பவுண்டு. பாதி நிறைந்த டாங்கியில் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து லாரியைக் கவிழ்க்கும். அதனால் முழுக்க நிரப்பி அல்லது முழுக்கக் காலியாக்கி ஓட்டுங்கள் என்பது பழைய பாடம். இன்று பெரிய கவலை வேறு. பகல் வேளையில் தன்னார்வலர்கள் நகரத்தில் வேலையில் இருப்பார்கள். அடுத்த ஊர் நிலையத்தையும் சேர்த்தே அழைக்கிறார்கள்.

சர்ச் அடித்தளத்தில் 100 பேருக்குச் சாப்பாடு. சமைக்கும் போதெல்லாம் மின்சாரம் போய்விடுகிறது. என்ன செய்வது?

இதுதான் அந்தச் சமையலறைகளின் நிரந்தர நோய். ரோஸ்டர் என்ற பெரிய மின்சமையல் பாத்திரம், 18 குவார்ட் அளவு, ஒன்று சுமார் 1,450 வாட். 100 கப் காபிப் பானை 1,500 வாட் அளவு. 120 வோல்ட், 15 ஆம்பியர் வயர் 1,800 வாட்தான் தாங்கும். 20 ஆம்பியர் என்றால் 2,400. ஆக ஒரு வயரில் ஒரே ஒரு கருவி. சுவரில் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு பிளக்குகள் பெரும்பாலும் ஒரே வயரில் இருக்கும். முந்தைய நாளே ஒவ்வொரு பிரேக்கரையும் அணைத்து எது எது நிற்கிறது என்று பார்த்து, பிளக்கில் எண் எழுதி ஒட்டுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், சூடாகி உருகும்.

ரோஸ்டரை இங்கே உணவைச் சூடாக வைத்திருக்க மட்டும் பயன்படுத்துங்கள். சில்லிட்ட உணவை அதில் சூடேற்றினால் மணிக்கணக்காகும், கிருமி வளரும். அடுப்பில் கொதிக்கவைத்து மாற்றி, 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் பாருங்கள். மசித்த உருளைக்குத் தலைக்கு அரை பவுண்டு பச்சைக் கிழங்கு போதும், 100 பேருக்கு 50 பவுண்டு. காபிப் பானை கொதிக்க ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும், அதை முதலில் போடுங்கள்.

நியூ கிளாரஸ் என்ற விஸ்கான்சின் ஊர் சுவிஸ் ஊர்போல் இருக்கிறதாமே?

உண்மை. 1845-ல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸிலிருந்து வறுமையால் புறப்பட்டு வந்தவர்கள் அமைத்தது. 1938 முதல் அங்கே வில்லியம் டெல் நாடகம் நடத்துகிறார்கள். ஒஹாயோவின் ஜோர் இன்னும் விசேஷம்: 1817-ல் ஜெர்மானியப் பிரிவினர் அமைத்துச் சொத்தைப் பொதுவாக வைத்து வாழ்ந்தார்கள், கால்வாய் வெட்டிக் கடனைத் தீர்த்தார்கள், 1898-ல் பிரித்துக்கொண்டார்கள்.

மகன் வாங்கிய பழைய பண்ணைவீட்டின் வரலாற்றை எப்படித் தேடுவது?

இன்றைய முகவரியை வைத்துத் தேடாதீர்கள். 911 அவசர அழைப்புக்காகச் சாலைப் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டார்கள். பத்திரத்தில் உள்ள நில விவரமே நிலையானது. 'வடமேற்குக் கால், தென்கிழக்குக் கால், செக்‌ஷன் 22' என்று இருந்தால் பின்னாலிருந்து படியுங்கள்: செக்‌ஷன் 22-இன் தென்கிழக்குக் காலில் (160 ஏக்கர்) வடமேற்குக் கால், 40 ஏக்கர்.

அரசு முதன்முதலில் விற்ற பட்டாவை நில மேலாண்மைத் துறையின் இணையப் பதிவில் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்து கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் (மாவட்டப் பத்திரப்பதிவு அலுவலகம்) விற்றவர், வாங்கியவர் அட்டவணைகள். இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இடையில் உரிமையாளர் வரிசை அறுந்தால் பெரும்பாலும் வாரிசுரிமை, அதை நீதிமன்ற உயில் பதிவில் தேடவேண்டும். வரிப் பதிவில் கட்டிய ஆண்டு 1900 என்றிருந்தால் நம்பாதீர்கள், பலமுறை அது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. மக்கள்தொகைத் தாள்கள் 72 ஆண்டு கழித்துத்தான் திறக்கப்படும். இப்போது 1950 வரை கிடைக்கும். 1890-ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் போனது, அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டேக்கு முன் கல்லறைக் கற்களைச் சுத்தம் செய்யப் பிளீச் போடலாமா?

கூடாது. பிளீச்சின் உப்பு கல்லின் துளைகளில் தங்கிப் பின்னர் கல்லை உதிர்க்கும். கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் இரண்டும் வேண்டாம். முதலில் மயானத்தைப் பராமரிப்பவரிடம் அனுமதி வாங்குங்கள்; ஒஹாயோவில் பல இடங்களில் அது டவுன்ஷிப் டிரஸ்டிகள். 19-ஆம் நூற்றாண்டு மார்பிளைத் தடவினால் சர்க்கரைபோல் உதிர்ந்தால் தொடவே வேண்டாம். உறுதியாக இருந்தால் நன்றாக நனைத்து, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தேய்த்தால் அழுக்குநீர் வடிந்து கோடு விழும். எழுத்துத் தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டியோ ஷேவிங் கிரீமோ தடவாதீர்கள், ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினால் எழுத்து எழும்பித் தெரியும். இரவில் உறைபனி இருக்கும் நாளில் நனைக்காதீர்கள், துளைக்குள் நீர் உறைந்து கல் வெடிக்கும். கல் ஆடினால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். அந்தச் சிறிய பலகைக்கல் காலில் விழுந்தாலும் எலும்பு முறியும்.