இனூயிட் மக்களுக்கு நீரிழிவு நோய் பெருகியது மரபணுவாலா, உணவு மாற்றத்தாலா?

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வெறும் வயிற்றில் 92, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 230 என்று ஒரு சீட்டைப் பார்த்தால் எனக்குக் கிரீன்லாந்து நினைவுக்கு வரும். உங்கள் கேள்விக்கு விடை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனூயிட் மக்களில் கிரீன்லாந்தில் வாழ்பவர்களிடம் டிபிசி1டி4 என்ற மரபணுவில் ஒரு பழுது பரவலாக இருப்பதை 2014-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. சாப்பிட்டதும் இன்சுலின் வந்து தட்டும்போது, குளுக்கோஸ் நுழையத் தசைச் செல்லின் கதவைத் திறக்க உதவுவது இந்த மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியைப் பெற்றவர்கள் அங்கே சுமார் 4 சதவீதம். அவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 மடங்கு. ஒற்றை மரபணு மாற்றம் இவ்வளவு வலுவாகத் தாக்குவது இந்த நோயில் மிக அரிது.

ஆனால் இதே பழுதைச் சுமந்த பாட்டன்மாருக்கு என்ன ஆயிற்று? 1960களின் தொடக்கத்தில் கணக்கெடுத்தபோது கிரீன்லாந்தில் நீரிழிவு நோயாளியைக் காண்பதே அபூர்வமாக இருந்தது. அவர்கள் உண்டது சீல் இறைச்சி, மீன், மத்தாக் எனப்படும் கொழுப்போடு கூடிய திமிங்கிலத் தோல். இவற்றில் மாவுச்சத்து மிகக் குறைவு. அந்தக் கதவை ஓயாமல் தட்ட வேண்டிய தேவையே எழவில்லை. வேட்டையில் உழைக்கும் தசையோ இன்சுலினை எதிர்பார்க்காமலும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு கிரீன்லாந்தை ஆண்ட டேனிஷ் அரசு சிறு குடியிருப்புகளின் மக்களை நகரங்களில் குவித்தது. தலைநகர் நூக்கில் 1960களில் எழுந்த 'பிளாக் பி' என்ற ஒரே கட்டடத்தில் மட்டும் நாட்டு மக்களில் சுமார் ஒரு சதவீதத்தினர் குடியிருந்தார்கள். ரொட்டியும் சர்க்கரையும் குளிர்பானமும் அன்றாட உணவாயின. நாற்பது ஆண்டுகளுக்குள், நடுவயதைத் தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவு. அவர்களில் பெரும்பாலோர் பரிசோதிக்கும்வரை அதை அறியவே இல்லை.

என்னை மிகவும் வருத்துவது இதுதான். இந்த மரபணுப் பழுது உள்ளவர்களுக்கு வெறும் வயிற்று அளவு இயல்பாகவே இருக்கலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையும் பலரைத் தவறவிடுகிறது. குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எங்கள் கூடத்தில் இரண்டாவது ஊசிக்குக் காத்திருக்க மனமின்றிக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களை இப்போதெல்லாம் நான் விடுவதில்லை; பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுகிறேன்.