ஊராட்சி தன் செலவையும் வேலையையும் எப்படிச் சரிபார்க்கிறது?

நாங்குநேரி பக்கம் உள்ள தன் ஊராட்சியில் வரிப்பணம் எங்கே போகிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, அரசுத் தணிக்கையாளர்கள் வந்து ரசீது, வவுச்சர், ரொக்கப் பதிவேடு எல்லாம் பார்ப்பது. அது அவர்கள் பாடு. குறை இருந்தால் தணிக்கைத் தடை, அதாவது அந்தச் செலவுக்கு ஆட்சேபணை, எழுதுவார்கள். ஊர்க்காரருக்கு உதவுவது இன்னொன்று, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கை அங்கே மக்கள் முன் வைத்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் ஒருமுறை கணக்கை மடமடவென்று வாசித்துவிட்டு, “சரிதானே?” என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், “மோட்டார் காயில் கட்டுனதுக்கு மூணு தடவை பில்லு இருக்கே, தெருக்குழாய்ல தண்ணி ஏன் வரல?” என்று கேட்டார். மொத்தத் தொகையை விட்டுவிட்டு ஒரே ஒரு செலவைப் பிடித்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள்.

மக்களுக்குத் திருப்தியா என்று தனியாக அளக்கக் கிராமத்தில் ஏற்பாடு இல்லை. வருகிற மனுக்கள்தான் அளவுகோல். அங்கே தீராவிட்டால் திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். அப்புறம், ரசீது வாங்க மறக்காதீர்கள்.